கையெழுத்துக்கு ஓர் எலும்பு

பள்ளிக்கூடத்தின் கிழக்குச் சுவர் உறுதியாக இருக்கிறது என்று நகராட்சிக் கட்டட ஆய்வாளர் கையெழுத்துப் போட்ட அதே நிமிடத்தில், இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவிக்கு இடது கைச் சுண்டுவிரல் முறிந்தது. காலை பத்தே முக்கால் மணி. விரல் மேல் எதுவும் விழவில்லை, விரல் எதிலும் இடிக்கவில்லை. காய்ந்த சுள்ளியை ஒடித்தது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டதாக அடுத்த மேசையில் நின்றவள் சொன்னாள். சிமெண்டு விலை ஏறியதும் அந்த வாரம்தான் என்பதால் ஊரில் பலருக்கு அந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

ஆய்வாளரை ஊரில் எல்லோரும் ஆமாஞ்சாமி என்பார்கள். முகத்துக்கு நேரேயே சொல்வார்கள், அவர் அதற்கும் ஆமாம் என்பார். லஞ்சம் வாங்கியவர் அல்ல. அடுத்தவர் வாங்கிக் கொடுத்த டீயைக்கூடக் குடித்ததில்லை. வேலை தெரியாதவரும் அல்ல. சின்னச் சுத்தியலால் சுவரை மூன்று தட்டுத் தட்டிக் காதை வைத்தால் உள்ளே மணல் எத்தனை பங்கு, சிமெண்டு எத்தனை பங்கு என்று சொல்லிவிடுவார். எதிரே நிற்பவர் முகம் வாடுவதை மட்டும் அவரால் பார்க்க முடியாது. ‘கூடாது’ என்ற சொல் தொண்டை வரை வரும். எதிராளியின் புருவம் லேசாகச் சுருங்கும். சொல் வந்த வழியே திரும்பி வயிற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடச் சுவரில் அஸ்திவாரத்திலிருந்து ஜன்னல் வரை கை நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்ததை அவர்தான் முதலில் பார்த்தார். இடித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். ஆனால் ஒப்பந்தக்காரர் ஆபீசுக்கே வந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, “பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன் சார், இப்பப் போயி இடின்னு சொன்னா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்” என்று விசும்பியதும், அந்த ஏட்டுத்தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, உறுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடக் காவலாளி பார்த்தபோது சுவரில் வெடிப்பு இல்லை. யாரோ பூசியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மனைவி அதற்கு முன் ஒரு நாளும் உடம்புக்கு முடியவில்லை என்று படுத்தவள் அல்ல. ஈர விரிப்புகள் இருபது அடங்கிய கூடையை ஒற்றை ஆளாய் இடுப்பில் வைத்துப் படியேறுவாள். கல்யாணமான முதல் மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து மயங்கியபோது, வண்டிக்குக் காத்திருக்காமல் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். இரும்பு உலக்கைக்கும் ஈர்க்குச்சிக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சத்தம் போடாத, கை ஓங்காத, கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் புருஷனை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அந்தத் தலையாட்டல் தன் வீட்டு வாசலோடு நிற்காது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த ஆண்டு ஐந்து எலும்புகள் முறிந்தன. ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர், கூடவே வேலை பார்ப்பவள் என்பதால், எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, “கல்லு மாதிரி எலும்பும்மா உனக்கு. இது முறியறதுக்கு நியாயமே இல்ல” என்று கையை விரித்தார். விஷயத்தைக் கண்டுபிடித்தது ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் வீங்கி, கட்டுப் போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பொழுது போகாமல் அவள் மடியிலிருந்த எக்ஸ்ரே படங்களை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், ஒரு படத்தை மட்டும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“இது நான் கட்டுன சுவரும்மா” என்றார்.

“விரலுங்க அது. என் சுண்டுவிரல்.”

“விரல்தான். நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா இந்தக் கோட்டைப் பாருங்க. கீழ புறப்பட்டு, நேரா வந்து, இங்க ரெண்டாப் பிரியுதா? பள்ளிக்கூடத்துக் கிழக்குச் சுவருல ஜன்னல் ஓரமா இப்படியேதான் பிரிஞ்சுது. இப்பப் போய்ப் பாத்தா ஒரு கீறல்கூட இல்ல. பூசுனது யாருன்னு எல்லாரையும் கேட்டுட்டேன். யாரும் பூசல.” அடுத்த படத்தை எடுத்தார். “இது சந்தைக்குப் பின்னால இருக்கற தண்ணித் தொட்டி.” அதற்கடுத்தது நூலகத்தின் மேல்தளம். ஐந்தையும் சரியாகச் சொன்னார். ஐந்தும் அவர் கை பட்ட வேலைகள். மணலைக் கூடுதலாகக் கலக்கச் சொன்னபோது அவரும் மறுக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

அன்று வீட்டில் அவள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேதி வரிசையில் மேசை மேல் பரப்பினாள். அவர் தன் ஆபீஸ் குறிப்பேட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். தேதிகள் இம்மி பிசகாமல் பொருந்தின. அவர் அவளுடைய கட்டுப் போட்ட கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். இனி சத்தியமாக ஒரு பொய்க் கையெழுத்தும் போட மாட்டேன் என்றார்.

“சத்தியமெல்லாம் வேண்டாம்” என்றாள் அவள். “முடியாதுன்னு சொல்லிப் பழகுங்க, போதும். இப்பவே என்கிட்ட சொல்லிப் பாருங்க. இன்னிக்குப் பாத்திரமெல்லாம் நீங்களே கழுவிடுறீங்களா?”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். “கழுவிடுறேன்.”

“முடியாதுன்னு சொல்லணும்ங்க.”

“சரி. சொல்லிடுறேன்.”

“சொல்லுங்க.”

“நாளைக்குச் சொல்றேனே.”

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள்தான் முதலில் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். பின் அவரும் சிரித்தார். பாத்திரங்களை அவர்தான் கழுவினார். மறுநாள் காலை பதினொன்றுக்கு, விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. அன்று கையெழுத்துக் கேட்டு வந்தவள் விதவை என்றும், அவள் கட்டிய மாடிக்குப் படிகளே சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்றும் அவர் பின்னால் விளக்கினார். அவள் விளக்கம் கேட்கவில்லை. அவளுக்குச் சேதி முன்பே வந்துவிட்டிருந்தது.

அதன் பிறகு வந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சலவைக்கூடத்து வேலை போயிற்று. பத்தரை மணிக்குக் கோப்புகள் ஆபீஸ் மேசைக்கு வரும் என்பதால், பத்தே காலுக்கெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்ள அவள் கற்றுக்கொண்டாள். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை சாப்பாட்டு நேரம், பயமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்து, தேறிய எலும்புகளைக் கொண்டு நடக்கிற மட்டும் வீட்டுக்குள் நடப்பாள். புருஷன் அவளைப் பார்த்துக்கொண்ட விதத்தைக் குறை சொல்ல முடியாது. குளிப்பாட்டுவார், தலை பின்னுவார், சோற்றைப் பிசைந்து ஊட்டுவார், எந்தப் பக்கம் எந்த எலும்பு புதியது என்று அறிந்து வலிக்காமல் புரட்டிப் படுக்க வைப்பார். இப்படி ஒரு புருஷன் கிடைக்க என்ன புண்ணியம் செய்தாளோ என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் கட்டிலருகே உட்கார்ந்து அழுவார். அந்த அழுகை பொய் அல்ல. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டு கிடப்பதுதான் கடினமாக இருந்தது. மூன்றாம் ஆண்டு ஒருமுறை ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். தலைமை அதிகாரி, “நீங்களும் போயிட்டா எனக்கு இங்க யாரு இருக்கா?” என்று நாற்காலியில் சரிந்தார். கடிதத்தோடு அவர் திரும்பி வந்தபோது மனைவியின் தோள் எலும்பு புதிதாக முறிந்திருந்தது. அதிகாரியின் மனம் நோகக் கூடாதென்று கிளம்பும் முன் இரண்டு கோப்புகளை முடித்துக் கொடுத்திருந்தார்.

ஐந்தாம் ஆண்டில் பூமி அதிர்ந்தது. அரை நிமிடம்தான். அதற்குள் ஊரில் நாற்பது கட்டடங்கள் விழுந்தன. ஆய்வாளர் கையெழுத்துப் போட்ட ஒன்றும் விழவில்லை. பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு சிராய்ப்பும் இல்லாமல் எழுந்து வந்தார்கள். வீட்டில் அவளுக்குப் பதினேழு இடத்தில் முறிந்தது. எலும்பு டாக்டர் விழுந்த கட்டடங்களில் அடிபட்டவர்களை விட்டுவிட்டு அவளிடம் ஓடிவந்தார். இரண்டு விலாக்களுக்கு நடுவே அவர் காதை வைத்தபோது உள்ளே செங்கல் சரியும் ஓசை கேட்டதாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். கொத்தனார் சொன்னது அதுவரை டீக்கடைப் பேச்சாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அதை நம்பாதவர் ஊரில் ஒருவரும் இல்லை.

நம்பியவர்கள் வரிசையில் வந்தார்கள். பழங்கள் கொண்டுவந்தார்கள். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பெற்றோர் சங்கம் வாங்கிக் கொடுத்தது. பள்ளித் தலைமையாசிரியை கட்டிலின் கால்மாட்டில் நின்று, “நீங்கதான்மா எங்க பிள்ளைங்களைத் தாங்குறீங்க” என்று கும்பிட்டாள்.

“சுவரை இடிச்சுட்டுத் திரும்பக் கட்டுங்களேன்” என்றாள் அவள். “ஆறு மாசம் பிள்ளைங்களை வேற இடத்துல வெச்சுப் பாடம் நடத்துங்க. எனக்கு ஒரு விரல் மிச்சமாகும்.”

தலைமையாசிரியையின் முகம் வாடியது. வேறு இடம் பார்ப்பது, மேலிடத்துக்கு எழுதுவது, முன்பு சுவர் சரியில்லாமல் இருந்ததை ஒத்துக்கொள்வது, ஒப்பந்தக்காரர் மேல் வழக்கு என்று எவ்வளவோ இருந்தது. “பாக்கறோம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள். சந்தைக்காரர்கள், நூலகர், தண்ணீர்த் தொட்டிக்காரர்கள், படி சரியில்லாத அந்த விதவை எல்லோருமே பார்க்கிறோம் என்றுதான் சொன்னார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் இப்போது ஆமாஞ்சாமியின் கையெழுத்துத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். எவ்வளவு மணல் கலந்தாலும் தாங்கும் என்பதால் கட்டுவதும் சுலபமாயிற்று.

எட்டாம் ஆண்டு, மகளுக்கு இருபது வயதானபோது, அம்மா அவளிடம் தன்னை ஆபீசுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். மகள் சலவைக்கூடத்தில் சொல்லி, துணி தள்ளும் நாலு சக்கர வண்டியை வாங்கிவந்து, மெத்தை போட்டு அம்மாவைக் கிடத்தித் தள்ளிக்கொண்டு போனாள். பகல் பன்னிரண்டு மணி. அவர் மேசைக்கு எதிரே ஒப்பந்தக்காரரும், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை சேர்க்க அனுமதி கேட்டு வந்த தலைமையாசிரியையும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் இருவரும் மரியாதையாக எழுந்தார்கள்.

“நானும் ஒரு மனு கொண்டாந்திருக்கேன்” என்றாள் மனைவி. “எல்லார் முகத்தையும் பாத்துப் பாத்துப் போடுறீங்களே, என் முகத்தையும் ஒரு தடவை பாருங்க. பள்ளிக்கூடத்துக்குப் போட்டதை ரத்துன்னு எழுதுங்க. அது ஒண்ணு போதும். மத்ததை நான் வெச்சுக்கறேன்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உண்மையிலேயே அது வாடியிருந்தது. பழைய கோப்பை எடுக்கச் சொல்லி, தூசி தட்டி, சான்றிதழின் மேல் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அவளுடைய இடது சுண்டுவிரல், எட்டு வருஷமாகக் கோணியிருந்தது, எல்லோரும் பார்க்க நிமிர்ந்தது. அவள் அதை மடக்கினாள், நீட்டினாள். தெருவில் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து யாரோ கத்தும் சத்தம் கேட்டது.

“ஐயோ சார், பரீட்சை நடக்குதே” என்றாள் தலைமையாசிரியை. “இன்னும் ரெண்டு வாரம்தான். இப்பப் போயி…” அவள் கண் கலங்கியது. ஒப்பந்தக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிள்ளைகளை வெளியே வரச் சொல்ல ஒரு மணியடித்தால் போதும். மணி இருப்பது தலைமையாசிரியையின் அறை வாசலில். அதை அடிக்கச் சொல்லி யாரும் எழுந்திருக்கவில்லை. ஆய்வாளர் புதுத்தாள் ஒன்றை இழுத்தார். மனைவி, “வேண்டாங்க” என்றாள். அவர் அவளைப் பார்த்து, “ரெண்டே வாரம்மா” என்றார். கையெழுத்து முடிந்தபோது, மடக்கி நீட்டிக்கொண்டிருந்த விரல் பழைய இடத்திலேயே முறிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அறையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மகள் வண்டியைத் திருப்பினாள். வழியில் அம்மா அழவில்லை. “முன்னெல்லாம் அவர் இளகின மனசுன்னு நெனச்சேன்” என்று மட்டும் சொன்னாள். “மனசு இருந்தாத்தானே இளகறதுக்கு. தண்ணிடி அது. எந்தப் பாத்திரத்துல ஊத்துனாலும் நிக்கும்.”

வழி கண்டுபிடித்தது மகள்தான். இருவரும் சம்மதித்துப் பிரியும் விவாகரத்துப் படிவத்தை வாங்கிவந்து, அப்பா சாப்பிட்டுக் கை கழுவியதும் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ‘இருவரும் மனமொத்து, ஒருவர் மேல் ஒருவருக்கு யாதொரு குறையுமின்றி’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“நீ இல்லாம நான் எப்படிம்மா…”

“போடுங்க” என்றாள் மனைவி. “ஊருக்கே போட்டீங்க. எனக்கு மட்டும் முடியாதுன்னு சொல்லிடாதீங்க.”

சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை இருந்திருப்பாள் என்று பிற்பாடு மகளுக்குத் தோன்றியது. அவர் போட்டார். குறையில்லை என்பது பொய்யானதால் கடைசியாக அவளுடைய காறை எலும்பு முறிந்தது. மறுநாள் காலை, கழுத்தில் கட்டோடு அவளைப் பஸ்ஸின் பின் இருக்கையில் கிடத்திக்கொண்டு மகளும் ஏறினாள்.

போன ஊர் மலைக்கு அந்தப் பக்கம். மகளுக்குப் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. அம்மாவின் எலும்புகள் மாதத்துக்கு நாலைந்தாகக் கூடின. முதல் மழைக்கு முன் உட்கார்ந்தாள், அடுத்த கோடையில் நடந்தாள், மூன்றாம் ஆண்டு ஒரு சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். உடம்பு போட்டது. மணிக்கட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்தது, புது வளையல் போட்டவள் போல.

பழைய ஊரில் வெடிப்புகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. கொஞ்ச நாள் ஆய்வாளர் வீட்டிலேயே சுற்றின. கண்ணாடி டம்ளர்கள், முகம் பார்க்கும் கண்ணாடி, அவருடைய மூக்குக் கண்ணாடி எல்லாம் விரிசல் விட்டன. பிறகு ஒவ்வொன்றாகத் தங்கள் சொந்தக் கட்டடங்களுக்குத் திரும்பத் தொடங்கின. பள்ளிக்கூடச் சுவரில் முடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்த அன்று பெற்றோர் சங்கம் கூடியது. சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆய்வாளருக்கு வயதாகிறது, ஒற்றை ஆளாய்க் கிடக்கிறார், பாவம், ஒரு வாய் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆளில்லை என்று பேசினார்கள். ஒப்பந்தக்காரரே அலைந்து பெண் பார்த்தார். கல்குவாரியில் ஜல்லிக்கூடை சுமக்கும் முப்பத்தைந்து வயதுக்காரி. ஒரு நாளும் தலைவலி என்று படுத்ததில்லையாம். ஆய்வாளரிடம் கேட்டபோது அவர் கண்ணீர் விட்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெண்ணின் அண்ணன் விவரமானவன். முதல் மனைவியின் முகவரியை விசாரித்து ஒரு கடிதம் எழுதினான். ‘நீங்களும் என் கூடப் பிறந்தவள் மாதிரி என்று நினைத்துக் கேட்கிறேன். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர்? என் தங்கையைக் கொடுக்கலாமா?’

அவள் அன்று வேலைக்குப் போகவில்லை. மேசையில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினாள். தேதி, எலும்பு, கட்டடம் எல்லாவற்றையும் எழுதினாள். எழுதி முடித்து உறையில் போடும்போது வலது மணிக்கட்டில் ‘டிக்’ என்றது. முறிவு அல்ல. சோம்பல் முறிக்கும்போது எவருக்கும் கேட்கும் நெட்டிதான். அவளுக்கு மேலெல்லாம் வேர்த்துவிட்டது. இந்தக் கல்யாணம் நின்றுபோனால், இடமில்லாமல் அலையும் வெடிப்புகள் பழகிய இடத்தைத் தேடி மலை தாண்டி வராது என்று என்ன நிச்சயம்? தன் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்து வெகுநேரம் பார்த்தாள். நாலு பக்கத்தையும் கிழித்தாள். இன்னொரு தாளில், ‘ரொம்ப நல்ல மனுஷன். யார் மனசும் நோகப் பேச மாட்டார். எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். தாராளமாகக் கொடுக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த அறையில் மகள் அலறினாள்.

ஓடிப் பார்த்தபோது, மகள் துணி மடித்த கையோடு இடது விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்திருந்தாள். அந்தச் சத்தத்தை இருவரும் எட்டு வருஷம் கேட்டவர்கள். மகள் அம்மாவின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

“என்ன எழுதுனே?”

“ஒண்ணுமில்லடி. கடைத் துணிக் கணக்கு.”

இரண்டாவது விலா முறிந்தது. அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், எப்படி ஆயிற்று, யாராவது அடித்தார்களா என்று அம்மாவையும் ஒரு பார்வை பார்த்தபடி கேட்டார். அவள் மகளைப் பார்த்தாள். மகள், மூச்சு விடவே முடியாத நிலையிலும், “ஈரத் தரையில வழுக்கிட்டேன் டாக்டர். அம்மாதான் தூக்கிட்டு வந்தாங்க” என்றாள். அம்மா கண்ணை மூடி, தன் உடம்பில் எந்த எலும்பு போகப்போகிறது என்று காத்திருந்தாள். எதுவும் முறியவில்லை. டாக்டர் ‘ஈரத் தரை’ என்று எழுதிக்கொண்டார். அப்போதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. நர்ஸ் ஒருத்தி வந்து தோளைத் தொட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

கடிதத்தை அவள் மறுநாள் காலை, மருந்து மயக்கத்தில் மகள் தூங்கும்போது, தபாலில் சேர்த்தாள். மகளுக்கு அது தெரியவந்ததும் படுத்தபடியே அவளும் ஒரு கடிதம் எழுதினாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள். அண்ணனிடமிருந்து அடக்கமான பதில் வந்தது: அப்பா மேல் மகளுக்கு வருத்தம் இருப்பது இயல்பு, அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் கூட வாழ்ந்தவர்களே நல்லவர் என்று எழுதியிருக்கும்போது வேறு யாரை நம்புவது?

மகள் எலும்பு கூடியதும் மறுபடி டிக்கெட் ஜன்னலுக்குப் போனாள். அம்மாவோடுதான் இருக்கிறாள். அம்மா இப்போது அதிகம் பேசுவதில்லை. பக்கத்து வீட்டில் ஏதாவது விசாரித்தால்கூடச் சொல்லும் முன் யோசிக்கிறாள். மகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பேசுகிறாள் என்று சொல்பவர்களும் உண்டு. கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. பெண்ணைப் பார்த்தவர்கள் நல்ல திடம் என்றார்கள், எலும்பு டாக்டர் உட்பட. அவர் அந்த வாரமே மாவுக்கட்டுக்கு வேண்டிய சாமான்களை வழக்கத்தைவிட இரண்டு மடங்காக எழுதிக் கேட்டு வாங்கினார். ஊரின் முதல் ஏழு மாடிக் கட்டடத்துக்கு அடுத்த மாதம் அஸ்திவாரம் தோண்டினார்கள்.